இரண்டு மட்டை நீளம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் மனைவி, உன் மகள் மூன்று பேரும் உடம்புக்குச் சுகம். மனசுக்கு இரண்டு பேர்தான் சுகம். மூன்றாவது ஆள் சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து என்னோடு பேசவில்லை. உன் சுகத்தையும் உன் கப்பல் என்ஜினின் சுகத்தையும் விவரமாக எழுது. போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் நீ போனில் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ திருகிக்கொண்டிருப்பவன். கடிதம் என்றால் உட்கார்ந்து படித்துத்தான் ஆகவேண்டும். உங்கள் ஆபீஸில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உன் கையில் சேர்த்துவிடுவார்களாம்.

விஷயம் இதுதான். சிறுவர் கோல்ஃப் போட்டியில் உன் மகள் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் தோற்றுவிட்டாள். அதற்குக் காரணம் நான்தான் என்கிறாள். நானும் நான்கு நாளாக எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கிறேன், இல்லை என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. அவள் சொல்லி நீ கேட்பதைவிட நான் சொல்லி நீ கேட்பது மேல் என்று இதை எழுதுகிறேன்.

உன் மனைவிக்கு அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி மாறிப்போனது. "அக்கா, நீங்க சும்மா கூடப் போய் உக்காந்துட்டு வந்தா போதும்" என்றாள். சும்மா உட்காருவது எனக்குக் கைவராத வித்தை என்று இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? இருந்தாலும் போனேன். கோல்ஃபைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சின்னப் பந்து, பெரிய புல்வெளி, வெளுத்த உடுப்பு போட்டவர்கள் பந்தை அடித்துவிட்டு, அது போன இடம் வரை தாங்களே நடந்து போவார்கள். காரில் பின் சீட்டில் உட்கார்ந்து உன் மகள் விதிகளை ஒப்பித்துக்கொண்டே வந்தாள். ஒன்பது குழிக்குள்ளும் பந்தைப் போட யாருக்கு அடி குறைவோ அவருக்குத்தான் ஜெயமாம், அபராதம் என்றால் கணக்கில் அடி கூடுமாம். பரீட்சைக்குக்கூட அவள் அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு வயசுப் பிள்ளை "அபராதம், நிவாரணம், பாதிக்கப்பட்ட பகுதி" என்று முணுமுணுப்பதைக் கேட்டால் ஏதோ வெள்ளச் சேதக் கணக்கெடுப்புக்குப் போகிறோம் என்று நினைத்துவிடுவாய்.

அந்தக் கிளப்பில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு நீள அறை. வாசலில் செருப்புச் சேற்றைத் தேய்க்க இரும்புப் பிரஷ். உள்ளே ஒரு மேஜை, அதில் அட்டைகளும் விரல் நீளம்கூட இல்லாத குட்டிப் பென்சில்களும். எந்தப் பென்சிலின் முனையிலும் ரப்பர் இல்லை. அழிக்க இடம் கொடுக்காத விளையாட்டு போலிருக்கிறது என்று அப்போதே நினைத்தேன். மேஜைக்குப் பின்னால் விதிக்குழுத் தலைவர் நின்றிருந்தார். அவர் ஒரு பல் டாக்டர். வாயைத் திறப்பவர்களைப் பார்த்தால் பாதி கவனம் பல்லுக்குப் போய்விடுகிறது. அவர் கைதட்டி, "ஏழாவது குழில நிக்க வேண்டிய நடுவருக்குக் காய்ச்சல். பொறுமையா எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் யாராவது வர்றீங்களா?" என்று கேட்டார். பெற்றோர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் ஷூ லேஸைப் பார்த்தார்கள். அவரவர் பிள்ளையின் பின்னாலேயே போகவேண்டும் என்ற ஆசை அவரவருக்கு. நான் கையைத் தூக்கினேன்.

"என்ன வேலை பாத்தீங்கம்மா?"

"எடை அளவு இன்ஸ்பெக்டர். முப்பத்தோரு வருஷம்."

அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அடுத்த நிமிஷம் எனக்கு ஒரு மஞ்சள் மேலங்கி, ஒரு மடக்கு நாற்காலி, ஒரு வாக்கி டாக்கி, இரண்டு பக்கமும் விதிகள் அச்சடித்த ஒரு தாள் எல்லாம் வந்து சேர்ந்தன.

"ரெண்டே விஷயம்தான்" என்றார் பல் டாக்டர். "இவங்கல்லாம் பிள்ளைங்க. விதி கேட்டாச் சொல்லுங்க. கேக்காட்டியும், ஒரு பிள்ளை தெரியாம விதியை மீறப் போகுதுன்னா முன்னாடியே சொல்லித் தடுத்துருங்க. மீறினப்புறம் எழுதறது பெரிய காரியம் இல்ல. ஆனா எந்த மட்டைல அடிக்கணும், எந்தப் பக்கம் அடிக்கணும்னு மட்டும் வாயைத் திறக்காதீங்க. அது யோசனை. யோசனை சொல்ல நமக்கு உரிமை கிடையாது."

"விதிக்கும் யோசனைக்கும் நடுவுல கோடு எங்க இருக்கு, சார்?"

"நல்ல கேள்வி" என்றார். அதோடு போய்விட்டார்.

தம்பி, இது என்னை எப்படிக் குழப்பியிருக்கும் என்று உனக்குத் தெரியும். என் உத்தியோகம் இதற்கு நேர் எதிர். கடைக்காரர் தராசுத் தட்டில் சுண்டுவிரலை வைக்கும்வரை நான் முட்டைக்கோஸ் வாங்க வந்தவள் மாதிரி நிற்பேன். வைத்த பிறகுதான் அடையாள அட்டையை எடுப்பேன். முன்கூட்டியே "விரலை எடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அப்புறம் எனக்கு எதற்குச் சம்பளம்? அதுவும் போக, யோசனை சொல்லாமல் இருப்பது. உன் கல்யாணத்துக்கு, உன் வேலைக்கு, உன் குளியலறைச் சுவருக்கு எந்த நிறம் என்பது வரை கேட்காமலே யோசனை சொன்ன வாய் இது. அந்த வாயை ஏழாவது குழியில் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இடம் என்னவோ நல்ல இடம். வலது பக்கம் ஒரு குளம், அதன் எல்லையைக் காட்ட ஓரத்தில் வரிசையாகச் சிவப்பு முளைகள், இடது பக்கம் முழங்கால் வரை வளர்ந்த புல். முதலில் வந்த கோஷ்டியில் பல்லுக்குக் கம்பி கட்டிய ஒரு பொடியன். அவன் பந்து தண்ணீர் தெளிக்கிற குழாயின் இரும்பு மூடிமேல் போய் உட்கார்ந்துவிட்டது. தாளைப் பார்த்து, "அபராதம் இல்லாம எடுத்துப் பக்கத்துல போட்டுக்கலாம். முழங்கால் உயரத்துல இருந்து கீழ விடணும்" என்று சொன்னேன். அவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முழங்காலையும் அவன் முழங்காலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"யாரோட முழங்கால் ஆன்ட்டி?"

எனக்கும் அந்தச் சந்தேகம் நியாயமாகப் பட்டது. வாக்கி டாக்கியில் கேட்டேன். விளையாடுகிறவருடையதாம். அவனுடைய முழங்கால் தரையிலிருந்து ஒன்றரைச் சாண் இருந்தால் அதிகம். பந்தை விட்டான் என்பதைவிடப் படுக்கவைத்தான் என்று சொல்வதுதான் பொருத்தம். முப்பத்தோரு வருஷம் முத்திரை குத்திய இரும்புக் கோலோடு அலைந்தவளுக்கு, ஆளுக்கு ஆள் மாறுகிற ஒரு அளவைப் பார்ப்பது வேடிக்கையாக இருந்தது. வருஷா வருஷம் பிள்ளை வளர அளவும் வளரும். யாரும் முத்திரை குத்த முடியாது.

அடுத்த கோஷ்டியில் ஒரு பெண்ணின் பந்தை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. புல்வெட்டும் வண்டி ஓட்டுகிறவருடைய நாய், அந்த மைதானமே தனக்குத்தான் என்ற நினைப்பில் திரிகிறது. அந்தப் பெண் அழாத குறையாக என்னிடம் ஓடி வந்தாள். நான் வாக்கி டாக்கியை எடுத்தேன்.

"ஏழாவது குழி பேசறேன். பந்தை நாய் தூக்கிட்டுப் போயிருச்சு."

"ஓடிட்டு இருக்கும்போதா, நின்னப்புறமா?" என்றார் பல் டாக்டர்.

"நாயா?"

"பந்தும்மா."

நின்ற பிறகுதான். அப்படியானால் பந்து இருந்த அதே இடத்தில் இன்னொரு பந்தை வைத்து, அபராதம் இல்லாமல் ஆடலாமாம். இருந்த இடம் எது என்று நானும் அந்தப் பெண்ணும் மண்டியிட்டுப் புல்லில் நாய் எச்சிலைத் தேடிக் கண்டுபிடித்தோம். அவள் சிரித்துவிட்டாள். தம்பி, பொய் சொல்லவில்லை, என் உத்தியோகக் காலம் முழுவதிலும் என்னைக் கண்டு ஒருவரும் சிரித்ததில்லை. நான் வந்ததால் ஒருவருக்கு நிம்மதி என்பது எனக்குப் புது அனுபவம். இன்னொரு பையன் பந்தைக் குளத்தில் போட்டுவிட்டு, "என்ன பண்ணலாம் ஆன்ட்டி?" என்று கேட்டான். இருக்கிற வழிகளைத் தாளைப் பார்த்துச் சொன்னேன். "இதுல எது நல்லது?" என்றான். எனக்கு நன்றாகத் தெரியும், அங்கிருந்து பார்த்தால் கண்ணில்லாதவருக்கும் தெரியும். ஆனால் அது யோசனை. ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டு தோளைக் குலுக்கினேன். அன்றைக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் தீர்ந்தது பசியால் அல்ல.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் உன் மகளுடைய கோஷ்டி வந்தது. அவளும் ஒரு நெட்டைப் பெண்ணும். அந்த வயசுக்கு அவ்வளவு உயரம் நான் பார்த்ததில்லை, பையைத் தோளில் போட்டுக்கொண்டு கொக்கு மாதிரி அடி எடுத்து வைக்கிறாள். ஒருவர் கணக்கை மற்றவர் எழுதவேண்டும் என்பது அங்கே வழக்கம், அதனால் உன் மகளின் அட்டை அவளிடம், அவள் அட்டை உன் மகளிடம். ஆறு குழி முடிந்து இரண்டு பேரும் சமம். உன் மகள் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நான் அசைக்கவில்லை. மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு சொந்தக்காரப் பிள்ளைக்குக் கையசைத்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? முகத்தைத் தராசு முள் மாதிரி நேராக வைத்துக்கொண்டேன்.

உன் மகளின் பந்து இடது பக்கப் புல்லுக்குள் போனது. போய்த் தேடினாள். ஏதோ ஒரு பந்து கிடக்கிறது, தன்னுடையதா என்று தெரியவில்லை. குனிந்தாள். எடுத்துப் பார்க்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் எடுப்பதற்கு முன் அது கிடந்த இடத்தில் ஒரு அடையாளம் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரு அடி அபராதம். தாளில் மூன்றாவது வரியிலேயே இருக்கிறது. அவள் கை அடையாளம் வைக்காமல் பந்தை நோக்கிப் போவதை நான் பார்த்தேன், தம்பி. நன்றாகப் பார்த்தேன். "அடையாளம்" என்று ஒரு வார்த்தை சொல்ல நேரமும் இருந்தது. வேறு பிள்ளையாக இருந்தால் சொல்லியிருப்பேன். என் தம்பி மகள் என்பதால் குளத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

"மார்க் பண்ணாம எடுத்துட்டே" என்றாள் நெட்டைப் பெண். குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை, மழை வருகிறது என்று சொல்கிற மாதிரி.

உன் மகள் என்னிடம் வந்தாள். "அத்தை, ஒரு அடியா?"

"ஒரு அடி" என்றேன். என் குரல் எனக்கே நோட்டீஸ் வாசிப்பது போலக் கேட்டது.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்து நெட்டைப் பெண்ணின் பந்து குளத்துக்குள் போனது. அவள் ஒரு அடி அபராதத்தை ஏற்றுக்கொண்டு கரைக்கு வந்தாள். பந்து எல்லையைத் தாண்டிய இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள் போடலாம் என்பது விதி. அவள் கண்ணாலேயே பார்த்து, கொஞ்சம் தள்ளிச் சமதரையாக ஒரு இடத்தில் முழங்காலுக்கு நேராகப் பந்தைப் பிடித்தாள். எனக்குக் கண் பழக்கம் உண்டு. அவள் கையில் இருந்த மட்டையையும் அந்தத் தூரத்தையும் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, ஒரு சாண் கூடுதல். தப்பான இடத்திலிருந்து அடித்தால் இரண்டு அடி அபராதம். பழைய உத்தியோகப் புத்தி, "இரு, அடிக்கட்டும், அப்புறம் பிடி" என்றது. அதே நேரம் நாய் எச்சிலைத் தேடியதும் நினைவுக்கு வந்தது. என்னை அறியாமல் நாற்காலியை விட்டு எழுந்து, "நில்லும்மா, அங்க போடாதே" என்று ஓடினேன். அவள் கையிலிருந்த மட்டையை வாங்கி நானே இரண்டு முறை தரையில் வைத்து அளந்து காட்டினேன். அவள் நான் காட்டிய எல்லைக்குள் வந்து, குளத்தின் சரிவில் பந்தைப் போட்டு, அங்கிருந்தே நன்றாக அடித்துவிட்டுப் போனாள். உன் மகள் அந்தச் சமயம் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். அது உன்னுடைய பார்வைதான், உனக்கே தெரியும்.

கடைசியில் கணக்கு: ஒன்பது குழிக்கும் நெட்டைப் பெண் நாற்பத்து மூன்று. உன் மகள் நாற்பத்து நான்கு.

கண்ணாடி அறையில் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, நெட்டைப் பெண்ணின் கையைக் குலுக்கிவிட்டு, கார் கதவைச் சாத்தும்வரை உன் மகள் ஒரு குறையும் வைக்கவில்லை. கார் கிளம்பியதும்தான் பேசினாள்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சொன்னீங்க அத்தை. அவளுக்கு ஓடிப்போய்ச் சொன்னீங்க. எனக்கு மட்டும் குளத்தைப் பாத்தீங்க."

"நீ என் சொந்தம்டி. உனக்குச் சொன்னா..."

"நானும் அங்க விளையாட வந்த பிள்ளைதானே."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டிலும் அப்படித்தான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் அம்மாவிடம் பதில் சொல்கிறாள்.

நான் ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர், "சொந்தக்காரப் பிள்ளைன்னா சொல்லக் கூடாதுன்னு எந்த விதியிலயும் இல்லம்மா. விதியைச் சொல்றது உதவி இல்ல, எல்லாருக்கும் சேர வேண்டியது. நீங்க அவளுக்கு அதைக் குறைச்சுட்டீங்க. முடிவை இனிமே மாத்த முடியாது" என்றார். குறைச்சுட்டீங்க என்ற சொல்லை அவர் தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, எடையைக் குறைத்தவர்களுக்கு நான் எழுதிய நோட்டீஸ் எல்லாம் கண்முன் வந்தது. மஞ்சள் மேலங்கியைத் துவைத்து இஸ்திரி போட்டு எடுத்துப் போயிருந்தேன். அதை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதாக இல்லை.

ஆகையால் தம்பி, நீ அவளுக்குப் போன் போட்டு, அத்தை வேண்டுமென்று செய்யவில்லை, நேர்மையாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அநியாயம் செய்துவிட்டாள், அத்தைக்கே அது தெரியும் என்று சொல்லு. நான் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறாள். நீ உடம்பைப் பார்த்துக்கொள். கடல் அமைதியாக இருக்கட்டும், உனக்கு வாய்த்த சமையல்காரர் உப்பைச் சரியாகப் போடட்டும், போன இடமெல்லாம் நல்லபடி முடித்து வீடு வந்து சேர்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அக்கா

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஆறு பக்கம் எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை. கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் கவர் எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் உன் மகள் அதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவள் கேட்டாள். நான்கு நாளில் என்னோடு பேசிய முதல் பேச்சு.

"அத்தை, எந்த மட்டையால அளந்தீங்க?"

"அவ கையில இருந்ததுதான்."

அவள் தன் அறைக்குப் போய் மட்டைப் பையையே இழுத்துக்கொண்டு வந்தாள். கூடவே என்னுடைய அளவு நாடாவும். பல் டாக்டர் எனக்குக் கொடுத்த விதித் தாளைத் திருப்பி, நான் படிக்காத பின்பக்கத்தைக் காட்டினாள். மட்டை நீளம் என்றால் கையில் இருக்கும் மட்டையின் நீளம் இல்லையாம். பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையைத் தவிர, அவரவர் பையில் இருப்பதிலேயே எது நீளமோ அதன் நீளமாம். அந்த நீளமான மட்டைக்கு டிரைவர் என்று பெயர், வண்டி ஓட்டுகிறவர் இல்லை. கூடத்துத் தரையில் அந்த டிரைவரையும், அன்றைக்கு நெட்டைப் பெண் கையில் இருந்த மாதிரி ஒரு மட்டையையும் வைத்து அளந்தோம். இரண்டு தடவைக்கு ஒரு சாணுக்கு மேலேயே வித்தியாசம் வருகிறது. இத்தனைக்கும் அது உன் மகளின் மட்டை. நெட்டைப் பெண்ணின் மட்டை இன்னும் நீளம்.

அதாவது, அவள் முதலில் பந்தைப் பிடித்த இடம் சரியான இடம். நான் தடுக்காமல் இருந்திருந்தாலும் அவளுக்கு எந்த அபராதமும் வந்திருக்காது. சமதரையில் ஆடவேண்டிய பிள்ளையைச் சரிவில் இறக்கிவிட்டதுதான் நான் செய்த உதவி. அப்படியும் ஜெயித்திருக்கிறாள். எதைக் கொண்டு அளக்கிறோம் என்று கேட்காமலே அளந்திருக்கிறேன், தம்பி. என் பென்ஷனை நிறுத்தக்கூட சர்க்காருக்கு உரிமை உண்டு.

உன் மகள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பிறகு, "அந்த மார்க் பண்ணாதது என் தப்புதான் அத்தை. கார்ல சொல்லிட்டுத்தானே வந்தேன், அங்க மறந்துட்டேன். ஆனாலும் நீங்க சொல்லியிருக்கலாம்" என்றாள். சொல்லியிருக்கலாம் என்று நானும் சொன்னேன். அப்புறம் நெட்டைப் பெண்ணுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், நீ முதலில் நின்ற இடம்தான் சரி என்று சொன்னேன்.

"அப்படித்தான் நானும் படிச்சிருந்தேன், ஆன்ட்டி" என்றாள் அவள். "ஆனா நீங்க ரொம்ப உறுதியா சொன்னீங்க. அதனால நான் படிச்சதுதான் தப்போன்னு நெனச்சுக்கிட்டேன்."

"இனிமே நீ படிச்சதையே நம்பும்மா" என்றேன். அவளே, "அடுத்த மாசப் போட்டிக்கும் நீங்க வருவீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். உன் மகள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "வருவாங்க. பின்பக்கத்தையும் படிக்க வெச்சு நானே கூட்டிட்டு வர்றேன்" என்றாள்.